முத்துக் கணக்கும் ஓம் கணக்கும்: ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபயர் தேடிய கதை

விலை கூடிய ஹெட்போன் வாங்கிய எல்லோருக்கும் அடுத்த வாரமே ஒரு கேள்வி வந்துவிடும். இதற்கு எந்த ஆம்ப்ளிஃபயர் சேரும்? கடையில் கேட்டால் இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்துக் காட்டுவார்கள். நண்பர்களில் ஒருவர் "வால்வு ஆம்ப் வாங்கு, குரல் அப்படியே தேன் மாதிரி இருக்கும்" என்பார். இன்னொருவர் "அதெல்லாம் தண்டச் செலவு, செல்போனே போதும்" என்பார். ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரி ஆளுக்கு ஒரு பதில். வேடிக்கை என்னவென்றால் மூன்று பேர் சொல்வதும் சில ஹெட்போன்களுக்குச் சரி, சிலவற்றுக்குத் தவறு.

ஏன் இப்படி என்பதற்கான விடை, ஹெட்போன் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் ஓம் எண்ணில் இருக்கிறது. 32, 300, 600 என்று ஏதாவது போட்டிருக்கும். அந்த எண் தரத்தைச் சொல்வதில்லை. 600 என்பது 32ஐ விட உசத்தியும் இல்லை. அது ஹெட்போனின் பூர்வீகத்தைச் சொல்கிறது. எந்தக் காலத்து எந்தக் கருவியோடு சேர்ந்து வாழ இது பிறந்தது என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், சுமார் நூறு வருடம்.

தூத்துக்குடியிலிருந்து சென்னை நேர்கோட்டில் 530 கிலோமீட்டர் போல வரும். கொழும்பு 280 கிலோமீட்டர்தான், அதுவும் பெரும்பாலும் கடல். வானொலி வந்த காலத்தில் இந்த ஊரின் நிலை இதுதான்: இரண்டு பக்கமும் நிலையம் உண்டு, இரண்டுமே தூரம்.

சென்னையில் 1924 ஜூலை 31 அன்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று அமைத்த கிளப் அது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட், பிறகு 200 வாட். (இன்றைக்கு ஒரு காதுகுத்து வீட்டு மைக் செட்டுக்கே அதைவிட அதிக வாட் இருக்கும்!) பணமுடையால் 1927 அக்டோபரில் கிளப் மூடப்பட்டது. கருவிகள் மாநகராட்சி கைக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி வானொலியாக மறுபடி பேசின. அந்தப் பக்கம் கொழும்பில் தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் ரேடியோ சாமான்களைக் கொண்டு சோதனை ஒலிபரப்பு நடத்தினார். 1925 டிசம்பர் 16 அன்று அங்கே முறையான நிலையம் திறக்கப்பட்டது.

இந்த நிலையங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்ட கருவி கிரிஸ்டல் செட். பேட்டரி கிடையாது, கரண்ட் கிடையாது. ஒரு நீளமான ஏரியல் கம்பி, ஒரு சுருள், கலீனா என்ற ஈயத் தாதுக் கல், அந்தக் கல்லைத் தொடும் ஒரு மெல்லிய கம்பி, கடைசியில் ஒரு ஹெட்போன். அவ்வளவுதான். கலீனாவை இப்படி அலையறியும் கருவியாகப் பயன்படுத்தலாம் என்பதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். 1901இல் விண்ணப்பித்தார், 1904இல் கிடைத்தது. காப்புரிமையைக் காசாக்குவதில் அவருக்கு விருப்பமே இல்லை என்பது தனிக்கதை.

கிரிஸ்டல் செட்டில் கவனிக்க வேண்டியது இது: காதில் விழும் ஒலிக்கான சக்தி முழுவதும் காற்றில் வந்த அலையிலிருந்தே வர வேண்டும். இடையில் பெருக்கிக் கொடுக்க ஆளே இல்லை. அந்தத் துளி மின்சாரத்தை வீணாக்காமல் ஒலியாக மாற்ற, ஹெட்போனுக்குள் இருந்த காந்தத்தின் மேல் தலைமுடி போன்ற கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றினார்கள். மின்னோட்டம் குறைவு, அதனால் சுற்றை அதிகமாக்கு என்பது கணக்கு. அத்தனை மெல்லிய கம்பியை அத்தனை நீளத்துக்குச் சுற்றினால் ஓம் ஏறத்தானே செய்யும்? 2000 ஓம், 4000 ஓம் என்பது அன்றைக்குச் சாதாரணம். ஆக ஹெட்போனின் முதல் பூர்வீகம் இதுதான். பட்டினியிலேயே வளர்ந்த சாதி. கொஞ்சம் கொடுத்தாலும் பாடும்.

இந்த வகையின் பெயர் பெற்ற முன்னோடி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர் நதானியேல் பால்ட்வின். 1910இல் தான் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். சோதித்துப் பார்த்த கடற்படைக்காரர்கள் அசந்துபோய் ஆர்டர் கொடுத்தார்கள். ஒரே தடவையில் நிறைய அனுப்ப முடியாது, பத்துப் பத்தாகத்தான் முடியும் என்று பதில் வந்தது. காரணம், மனிதர் அதைத் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்.

கடற்படை ஆர்வம் காட்டியதில் ஆச்சரியம் இல்லை. ஹெட்போனுக்கு வீட்டில் இடம் கிடைப்பதற்கு முன்பே கப்பலில் இடம் கிடைத்துவிட்டது. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு கப்பல்களில் ரேடியோ கட்டாயம் என்ற பேச்சு வலுத்து, 1919இல் 1600 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு ரேடியோ வேண்டும் என்று பிரிட்டிஷ் சட்டமே வந்தது. அந்த நாளில் தூத்துக்குடியில் ஆழமான துறைமுகம் இல்லை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரம் போட, சரக்கு தோணிகளில் போய்வந்தது. பஞ்சு மூட்டை ஏற்றப் போன தோணிக்காரர்களுக்கு எட்டும் தூரத்திலேயே, காதில் ஹெட்போனோடு ரேடியோ ஆபரேட்டர்கள் உட்கார்ந்திருந்த காலம் அது.

கரையில் இருந்தவர்களுக்கோ கிரிஸ்டல் செட் போதாது. அதன் வீச்சு சில பத்து மைல்தான். மீடியம் வேவ் அலை உப்புத் தண்ணீர் மேல் நன்றாகப் போகும் என்பதால் கொழும்பு கொஞ்சம் சாதகம். ஆனாலும் 280 கிலோமீட்டர் தாண்டி வரும் அலையில் ஒரு கல்லையும் ஹெட்போனையும் பேச வைக்கத் தெம்பு இருக்காது. அதனால் இங்கே வானொலி கேட்க வால்வு வேண்டும், அதாவது ஆம்ப்ளிஃபயர் வேண்டும். சென்னைக்காரருக்கு ஆம்ப்ளிஃபயர் என்பது வசதி. தூத்துக்குடிக்காரருக்கு அது இல்லாவிட்டால் பாட்டே இல்லை. தேவையா ஆடம்பரமா என்பது ஹெட்போனையும் அதற்கு முன்னால் இருக்கும் சங்கிலியையும் பொறுத்தது என்ற இன்றைய பாடம், அன்றைக்கே இந்த வரைபடத்தில் எழுதியிருந்தது.

வால்வு வந்தபோது ஒரு அதிர்ஷ்டமும் சேர்ந்து வந்தது. வால்வின் சுபாவம் என்னவென்றால் அது வோல்ட்டைத் தாராளமாகக் கொடுக்கும், மின்னோட்டத்தைக் கஞ்சத்தனமாகக் கொடுக்கும். எதிரில் ஆயிரக்கணக்கான ஓம் இருந்தால் அதற்குச் சௌகரியம். கிரிஸ்டல் செட்டுக்காக ஏற்கெனவே செய்து வைத்த ஹெட்போன்களுக்கு அதே அளவு ஓம் இருந்ததால் வால்வோடு நேரடியாகவே மாட்ட முடிந்தது. யாரும் திட்டமிடாமல் அமைந்த பொருத்தம் இது. குறைந்த ஓம் ஒலிபெருக்கியை மாட்ட வேண்டுமானால் நடுவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்பட்டது. இன்றும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் 300, 600 ஓம் ஹெட்போன்களோடு இனிமையாகவும், 32 ஓம் ஹெட்போன்களோடு சோர்ந்துபோயும் ஒலிப்பதற்குக் காரணம் இந்தப் பழைய உறவுதான். "தேன் மாதிரி" என்று சொன்ன நண்பர் தன் 300 ஓம் ஹெட்போனை வைத்துச் சொல்லியிருப்பார். அதை நம்பி 32 ஓம் வைத்திருப்பவர் வாங்கினால் பணம் போச்சு.

இந்த இடத்தில் ஒரு கணக்கு அவசியம். பயப்பட வேண்டாம், முத்து வியாபாரிகள் போட்ட கணக்குதான்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், எடுத்த முத்துகளை முதலில் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். 20 துளை உள்ளதில் ஆரம்பித்து 1000 துளை உள்ளது வரை. பெரிய முத்து மேலேயே தங்கிவிடும், துள் எனப்படும் பொடி கடைசி வரை இறங்கிவிடும். பிறகு உருட்சியையும் ஒளியையும் பார்த்து ஆணி முதலிய வகைகளாகப் பிரிப்பார்கள். விலை போடுவதில்தான் சூட்சுமம். நல்ல முத்துக்கு விலை எடையோடு நேராக ஏறாது, எடையின் வர்க்கத்தோடு ஏறும். எடை இரண்டு மடங்கு என்றால் விலை நான்கு மடங்கு. எடை மூன்று மடங்கு என்றால் விலை ஒன்பது மடங்கு. பெரிய முத்து அத்தனை அபூர்வம் என்பதால் வந்த கணக்கு.

மின்சக்தியும் அப்படியே. ஒரே ஹெட்போனுக்கு வோல்ட்டை இரண்டு மடங்காக்கினால் போகும் சக்தி நான்கு மடங்கு. வோல்ட்டை வர்க்கப்படுத்தி ஓமால் வகுத்தால் வருவது வாட். 1 வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்போனுக்கு ஏறத்தாழ 31 மில்லிவாட் போகும். அதே 1 வோல்ட்டில் 300 ஓம் ஹெட்போனுக்குப் போவது 3.3 மில்லிவாட். 2000 ஓமுக்கு அரை மில்லிவாட். இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் மீதிச் சரித்திரம் தானாகப் புரியும்.

(முத்து வியாபாரிகளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு முத்து ஜோடியாக அமைந்தால் தனித்தனி விலையைக் கூட்டுவதைவிட அதிகம் கேட்பார்கள், தோடு செய்ய ஆகுமே! உயர்ரக ஹெட்போன் செய்பவர்களும் இடது, வலது டிரைவர்களை அளந்து பார்த்து ஜோடி சேர்க்கிறார்கள். விலையில் ஒரு பங்கு அந்தப் பொறுக்கி எடுக்கும் வேலைக்குப் போகிறது.)

அடுத்த பூர்வீகம் 600 ஓம். தொலைபேசிக் கம்பிகளுக்கு வைத்த இந்த அளவு, கம்பி வழியே ஒலியை அனுப்பிய வானொலி நிலையங்களுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் வழக்கமாகிவிட்டது. ஒரு ஸ்டுடியோவில் ஒரே ஆம்ப்ளிஃபயரிலிருந்து பாடகர், வயலின்காரர், மிருதங்கக்காரர் என்று ஐந்தாறு பேருக்கு ஹெட்போன் கொடுக்க வேண்டியிருக்கும். ஓம் அதிகமாக இருந்தால் எத்தனை மாட்டினாலும் ஆம்ப்ளிஃபயருக்குப் பாரம் தெரியாது. ஏ.கே.ஜி. கே240இன் ஆரம்ப கால வடிவங்கள் 600 ஓமில் வந்தது இந்த உலகத்துக்காகத்தான். 1937இல் பெர்லினில் பெயர்டைனமிக் நிறுவனம் டிடி 48 என்ற ஹெட்போனை வெளியிட்டபோது, காந்தமும் இரும்புத் தகடும் போய், ஒலிபெருக்கியில் இருப்பது போன்ற அசையும் சுருள் காதுக்கு வந்தது. நல்ல ஒலி என்ற பேச்சே அதற்குப் பிறகுதான். அதுவரை ஹெட்போன் என்றால் செய்தி காதில் விழ வேண்டும், அவ்வளவே.

1958இல் அமெரிக்காவில் ஜான் காஸ் எஸ்பி/3 என்ற ஸ்டீரியோ ஹெட்போனைக் காட்டினார். இசை கேட்பதற்கென்றே ஹெட்போன் என்ற சந்தை அங்கிருந்து தொடங்குகிறது. 1960இல் ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் எஸ்ஆர்-1 என்ற எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனைக் கொண்டுவந்தது. அதில் சுருளே கிடையாது, மெல்லிய ஏடு ஒன்று மின்புலத்தில் அசையும். நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும் என்பதால் அதற்கென்றே செய்த கருவி இல்லாமல் அது வாயே திறக்காது. எந்த ஆம்ப்ளிஃபயர் என்ற கேள்விக்கே இடமில்லாத ஒரே குடும்பம் இது, பெண்ணோடு மாப்பிள்ளையையும் பெட்டியில் வைத்தே விற்றார்கள். 1968இல் செனைசர் எச்டி 414 வந்தது. மஞ்சள் பஞ்சு வைத்த அந்த ஹெட்போன் ஒரு கோடிக்கு மேல் விற்றது. அதன் ஓம் 2000! எந்த ரேடியோவில், எந்த டேப் ரிக்கார்டரில் மாட்டினாலும் பாரமாக இருக்கக் கூடாது என்ற யோசனை அதில் தெரிகிறது. அன்றைய வீட்டுக் கருவிகளிடம் வோல்ட்டுக்குப் பஞ்சம் இருக்கவில்லை.

இதே காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் ஹெட்போனை யாரும் தேடவில்லை என்றே சொல்லலாம். ரேடியோ சிலோன் பெரிய டிரான்ஸ்மிட்டர்களோடு தமிழ்ப் பாட்டைக் கரையெங்கும் கொட்டிக்கொண்டிருந்தது. 1967இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆன பிறகும் இங்கே எல்லோருக்கும் அது சிலோன் ரேடியோதான். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்கள் தென்மாவட்டத்து வீடுகளில் அந்த வீட்டு மனிதர்களின் குரல் போலவே பழகியிருந்தன. டீக்கடையில் ஒரு செட் பாடினால் தெருவே கேட்கும். அப்படி ஊரே சேர்ந்து கேட்ட காலத்தில் காதை மூடிக்கொண்டு தனியே கேட்பது யாருக்கு வேண்டும்? (பின்னாளில் நம் வானொலியின் தூத்துக்குடி நிலையத்திலிருந்து 200 கிலோவாட் மீடியம் வேவில் இலங்கையை நோக்கி ஒலிபரப்பு போனது. கணக்கு நேராகிவிட்டது.)

ஆனால் பொருத்தம் பார்க்கும் வித்தை ஊரில் இல்லாமல் போகவில்லை. அது மைக் செட்காரர்களிடம் இருந்தது. பனிமய மாதா கோவில் திருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும். இத்தகைய திருவிழாக்களில் குழாய் கட்டும் மைக் செட்காரர் எதைக் கவனிப்பார் தெரியுமா? ஒரு குழாயின் யூனிட் 16 ஓம். இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 8, நான்கை இணைத்தால் 4. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும். 8 என்று எழுதியதில் 4 ஓமைக் கட்டினால் பெட்டி சூடேறி, விழா பாதியில் புகை வரும். தூரமாகக் கம்பி இழுக்க வேண்டுமென்றால் கம்பியிலேயே சக்தி கரையும், அதனால் 100 வோல்ட் முனையில் கொடுத்து, ஒவ்வொரு குழாயிலும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கிக்கொள்வார். ஓமுக்கு ஏற்ற முனை, தூரத்துக்கு ஏற்ற வோல்ட். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஹெட்போன் வாங்குபவர் கற்க வேண்டிய பாடத்தில் முக்கால்வாசியை அவர் பள்ளிக்கூடத்தில் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்.

பெரிய திருப்பம் 1979 ஜூலை 1. சோனி வாக்மேன் கடைக்கு வந்த நாள். இரண்டு பென்டார்ச் செல், மொத்தம் 3 வோல்ட். 3 வோல்ட்டுக்குள் ஏறி இறங்கும் இசை அலையிலிருந்து உருப்படியாகக் கிடைப்பது சுமார் 1 வோல்ட்டுக்கு மேல் போகாது. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். 1 வோல்ட்டில் 2000 ஓம் ஹெட்போனுக்கு அரை மில்லிவாட்தான், 32 ஓமுக்கு 31 மில்லிவாட். ஆகவே பேட்டரிக் கருவியோடு பிறந்த ஹெட்போன்கள் ஓமைக் குறைத்துக்கொண்டன. 32, 24, 16 என்று இறங்கிய எண்கள் இன்று செல்போன் வரைக்கும் நீடிக்கின்றன. வோல்ட்டுக்குப் பஞ்சம், மின்னோட்டத்துக்கு அவ்வளவு பஞ்சமில்லை என்ற புதிய நிலைமைக்கு ஏற்ற பிள்ளைகள் இவை.

குடும்பம் இரண்டாகப் பிரிந்த இடம் இதுதான். ஒரு கிளை தெருவில் நடந்தது, ஓம் குறைந்தது. இன்னொரு கிளை ஸ்டுடியோவிலும் வரவேற்பறையிலும் உட்கார்ந்தே இருந்தது. 1997இல் வந்த செனைசர் எச்டி 600, 2003இல் வந்த எச்டி 650 இரண்டுமே 300 ஓம். உட்கார்ந்த கிளையின் பிள்ளையை நடக்கும் கிளையின் கருவியில் மாட்டினால் என்ன ஆகும்? சத்தமே வராது என்று பலர் சொல்வது மிகை. சத்தம் வரும். ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் தரும் 300 ஓம் ஹெட்போனில் சாதாரணமாகக் கேட்கும் 80 டெசிபலுக்கு மில்லிவாட்டில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். சிக்கல் தவில்காரர் ஓங்கி ஒரு அடி கொடுக்கும்போதுதான். அந்தக் கணத்துக்கு 105 டெசிபல் வேண்டுமென்றால் 6 மில்லிவாட்டுக்கு மேல் தேவை, அதற்கு ஏறத்தாழ 1.4 வோல்ட். கருவியிடம் இருப்பது 1 வோல்ட். அடியின் உச்சி வெட்டுப்படும். பாட்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் தவில் தவிலாக இருக்காது. "என்னமோ சப்பென்று இருக்கு" என்று சொல்பவர்கள் சொல்வது இதைத்தான்.

இந்த இடைவெளியில் முளைத்ததுதான் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் என்ற தனிச் சரக்கு. உச்சாணிக் கிளையில் 1991இல் செனைசர் ஆர்ஃபியஸ் என்ற எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனை வால்வு ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து வெளியிட்டது, மொத்தமே 300 செட். கீழ்க்கிளையில் அமெரிக்காவின் சூ மோய் என்பவர் 1990களின் கடைசியில் ஒரு சின்னச் சுற்றை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஐசி, சில உதிரிகள். மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும். சி-மோய் என்று பெயர் பெற்ற அந்த டப்பா, வாக்மேனுக்கும் 300 ஓமுக்கும் நடுவே இல்லாத வோல்ட்டை ஈடுகட்டியது. கேட்பவருக்குத் தேவை வோல்ட் என்று தெரிந்துவிட்டால் செலவு எவ்வளவு குறையும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எதிர்ப்பக்கத்துச் சிக்கலும் உண்டு, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. பழைய ஸ்டீரியோ செட்களில் ஹெட்போன் துளைக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கவில்லை. ஒலிபெருக்கிக்குப் போகும் மின்சாரத்தையே நூற்றுக்கணக்கான ஓம் தடை ஒன்றின் வழியாகத் திருப்பிவிட்டார்கள். 1996இல் வந்த சர்வதேசத் தரம் ஒன்றுகூட ஹெட்போன் துளைக்கு 120 ஓம் என்று பரிந்துரைத்தது. 600 ஓம் ஹெட்போனுக்கு அது பெரிய விஷயமில்லை. 32 ஓம் ஹெட்போனுக்கோ விபரீதம். ஹெட்போனின் ஓம் எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இருப்பதில்லை. தாழ்ந்த சுருதியில் 32 என்பது 64 ஆக ஏறுகிறது என்று வையுங்கள். 120 ஓம் துளையில் அந்த இடம் மட்டும் 4 டெசிபலுக்கு மேல் தூக்கிக் கேட்கும். 2 ஓம் துளையில் வித்தியாசம் கால் டெசிபல்தான். ஒரே ஹெட்போன், ஒரே பாட்டு, இரண்டு ஆம்ப்ளிஃபயரில் இரண்டு விதமாகக் கேட்கிறது என்று சத்தியம் செய்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் மந்திரமும் இல்லை.

இதை எல்லோருக்கும் புரியும்படி உடைத்துச் சொன்னவர் ஒரு முகம் தெரியாத மனிதர். என்.டபிள்யூ.ஏ.வி. கை என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பொறியாளர், 2011இல் சந்தையில் விற்ற ஆம்ப்ளிஃபயர்களை வாங்கி அளந்து, எண்களை அப்படியே வெளியிட்டார். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்ளிஃபயரின் உள்தடை இருக்கக் கூடாது என்ற விதியைப் பரப்பியவரும் அவரே. சும்மா குறை சொன்னதோடு நிற்காமல் ஓ2 என்ற ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்து விற்றுக்கொள்ளுங்கள் என்று படத்தைக் கொடுத்துவிட்டார். பல மடங்கு விலை உள்ள பெட்டிகளுக்கு அளவீட்டில் அது ஈடுகொடுத்தபோது வியாபாரிகளுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? 2012இல் அவர் எழுதுவதை நிறுத்தினார். யார், என்ன ஆனார் என்று வெளியே தெரியவே இல்லை. ஒரு சரக்கின் அடக்க விலை இவ்வளவுதான் என்று ஒருவர் நடுச்சந்தையில் போட்டு உடைத்துவிட்டுப் போன சம்பவம் என்ற வகையில், வணிகவியல் பாடப் புத்தகத்திலேயே சேர்க்கலாம்.

அவருக்குப் பிறகு நிலைமை வாங்குபவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையை எடுத்துவிட, மற்றவர்களும் பின்தொடர, ஆம்ப்ளிஃபயர் போனை விட்டு வெளியே வந்து விரல் அளவு டாங்கிளில் குடியேறியது. 32 ஓம், 100 டெசிபல் ஹெட்போனுக்கு அந்த டாங்கிளே தாராளம், அதற்கு மேல் பெட்டி வாங்குவது மேஜைக்கு அழகு. 300 ஓமுக்கு இரண்டரை, மூன்று வோல்ட் தரும் எதுவும் போதும். வாட் அதிகம் என்று விளம்பரம் செய்வதில் அதற்குப் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் அந்த வாட்டை 32 ஓமுக்கு அளந்து போட்டிருப்பார்கள்.

நிஜமாகவே பெரிய ஆம்ப்ளிஃபயர் கேட்பவை மூன்றாவது ரகம், பிளேனர் ஹெட்போன்களில் சில. 2010இல் வந்த ஹைஃபைமேன் எச்இ-6 பேர்போன உதாரணம். ஓம் 50தான், ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே தரும். 110 டெசிபல் உச்சிக்கு அரை வாட் அளவு, கிட்டத்தட்ட 5 வோல்ட், கூடவே 95 மில்லிஆம்பியர் வேண்டும். வால்வின் கஞ்ச மின்னோட்டமும் ஆகாது, பேட்டரியின் கஞ்ச வோல்ட்டும் ஆகாது. ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபயரிலேயே பலர் இதை மாட்டிக் கேட்டார்கள். ஓம் குறைவு, அதனால் போனில் ஓடும் என்று நினைத்து வாங்கியவர்கள் ஏமாந்தது இங்கேதான். ஓமோடு டெசிபலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த டெசிபலிலும் ஒரு குழப்பம் உண்டு. சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று அச்சிடும். சில நிறுவனங்கள் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை என்று அச்சிடும். முத்துக்குத் தென்னாட்டில் மஞ்சாடி எடை, பம்பாயில் ரத்தி எடை என்று இருந்தது போல. வோல்ட் கணக்கில் போட்ட எண்ணை மில்லிவாட் கணக்குக்கு மாற்ற, 32 ஓம் ஹெட்போனுக்கு 15ஐக் கழிக்க வேண்டும், 300 ஓமுக்கு 5ஐ. வோல்ட்டுக்கு 110 என்று போட்ட 32 ஓம் ஹெட்போன் ஒன்று, மில்லிவாட்டுக்கு 100 என்று போட்ட 300 ஓம் ஹெட்போன் ஒன்று, இரண்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முதலாவது 10 டெசிபல் முந்துவதாகத் தோன்றும். மில்லிவாட்டில் கணக்குப் பார்த்தால் அது 95. ஒரே சக்தியைக் கொடுத்தால் 300 ஓம்தான் 5 டெசிபல் உரக்கப் பாடும். ஒரே வோல்ட் கொடுக்கும் போனில் மாட்டினால் 32 ஓம் 5 டெசிபல் உரக்கப் பாடும்.